சாமியாவின் கணினியில் நான் செய்தது

ஜெகதாப்பட்டினம்,
வியாழன் காலை.

அன்புள்ள கணவருக்கு, பிலோமினா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இந்த மீன் ஏற்றுமதி அலுவலகத்தில், கம்பெனி ஆவணம் எதையும் ஏஐயிடம் கொடுக்கக் கூடாதென்று அறிவிப்பு ஒட்டியவள் நான். திங்களன்று, என் கீழ் வேலை பார்க்கும் சாமியா தொழப் போயிருந்த நேரத்தில், அவள் கணினியில் ரகசிய விலை ஒப்பந்தத்தை ஏஐயிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கியவளும் நான். நாற்பது பக்கம் படிக்கச் சோம்பல், வேறு காரணமில்லை.

விஷயம் வெளிப்பட்டதும், அவள் கணினி என்பதால் பழி அவள்மேல் விழுந்து, இன்று அவளுக்கு வேலை போகப்போகிறது.

“நான் தொழப் போனப்ப யாரு தொட்டாங்களோ, தெரியலைங்க மேடம்” என்று அழுதாள்.

“விசாரிப்போம்” என்றேன். யாரை விசாரிப்பது?

மேலாளரின் கார் வந்துவிட்டது, செய்தது நான்தான் என்று சொல்லப் போகிறேன். என் வேலை போனால் சனிக்கிழமையே நான் வீட்டில் இருக்கக்கூடும். உலையில் ஒரு கை அரிசி கூடுதலாகப் போடுங்கள்.

பிலோமினா