பழவேற்காட்டில் நான் படிக்காத கல்

ஃபாக்டரியில் உன் இடத்தில் இப்போது உட்காரும் பெண் இன்று சாப்பாட்டு நேரத்தில் ஓர் இறகைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். வெளிறிய ரோஸ் நிறம். நேற்று நம் தீப்பெட்டி ஃபாக்டரி ஆட்கள் எல்லோரும் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள்.

"தண்ணி முழுக்க பூநாரைங்கக்கா. நீ ஏன் வரல?" என்று கேட்டாள்.

உடம்பு சரியில்லை என்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த ஏரியின் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. உன் மேல் கொஞ்சம், என் மேல் நிறைய.

நாம் போனது ஒரு தை மாதத்தில். உன் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் நீ ஃபாக்டரிக்கு வந்தாய். அதற்கு அடுத்த வருடம் அது. பெட்டி ஒட்டிக்கொண்டே நீ அந்த ஏரியைப் பற்றிப் பேசுவாய். கடலா ஏரியா என்று தெரியாத தண்ணீர், நடுவில் தீவுகள், கூட்டம் கூட்டமாகப் பறவை. திருவொற்றியூர்த் தெருவையும் ஃபாக்டரிச் சங்கையும் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு ஆசை வந்துவிட்டது. "நீ எட்டாவது படிச்சவ, நீ வந்தாதான் சரியா இருக்கும்" என்று சொன்னாய். பறவை பார்க்க எட்டாவது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் கிளம்பினோம். உன் அண்ணன் விறகுப் படகில் வேலை பார்த்தார். பட்டணத்தில் சவுக்குக் கட்டைகளை இறக்கிவிட்டு வெறும் படகு வடக்கே திரும்பும்போது எண்ணூரில் நம்மை ஏற்றிக்கொண்டார். கால்வாயின் இரு கரையிலும் உப்பளம். காற்று இருந்தவரை பாய் இழுத்தது. காற்று நின்றதும் இரண்டு பேர் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தார்கள். உன் அண்ணன் சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்தபடி, பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி, துணி வாங்கிக் கப்பலில் ஏற்றிய கதையைச் சொன்னார். "கோட்ட எல்லாம் மண்ணா பூடுச்சு. கல்லறைங்கதான் நின்னுகினு கீது" என்றார். ஊர் அடங்கிய பிறகுதான் பழவேற்காட்டில் உன் சின்னம்மா வீட்டை அடைந்தோம்.

காலையில் ஏரிக்குத்தான் போவோம் என்று தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றேன். நீ என்னை எதிர்ப்பக்கம் இழுத்தாய்.

"பறவ எங்க பூடப்போவுது? மொதல்ல இங்க வா."

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. நீயோ சொந்த வீட்டுக்குள் போகிறவள் மாதிரி பெரிய கற்களையெல்லாம் தாண்டிப் போய், மூலையில் இருந்த ஒரு சின்னக் கல் முன்னால் உட்கார்ந்தாய். முந்தானையால் மண்ணைத் துடைத்தாய்.

"இது கொயந்தயோட கல்லு. எனக்கு சின்ன வயசுலயே சொல்லிகீறாங்க. இன்னா எய்திக்கீது, படி."

குனிந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து. வார்த்தைதான் ஒன்றும் புரியவில்லை.

"தெரியல" என்றேன்.

"எய்த்து தெரியும்னியே?"

"எழுத்து தெரியுது. பாஷை தெரியல. இது ஒல்லாந்தர் பாஷை."

"எய்த்து தெரிஞ்சா படிக்க வேண்டியதுதானே? பேரயாவது சொல்லு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து பறவைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "இந்தக் கல்லப் பாக்கவா இவ்ளோ தூரம் கூட்டினு வந்த? முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்" என்றேன். நீ கல்லை விட்டு நகரவில்லை. கடைசியில் உன்னை அங்கிருந்து கிளப்புவதற்காகவே, பையில் இருந்த காகிதத்தில் பென்சிலால் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டேன். நாம் கரைக்குப் போனபோது பூநாரைகள் ஏரியின் அந்தக் கோடிக்குப் போயிருந்தன. தண்ணீரின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு கோடுதான் தெரிந்தது. அதற்கும் உன்னைத்தான் திட்டினேன்.

பஸ்ஸில் பொன்னேரிக்கு வந்தோம். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் நீ அதைச் சொன்னாய்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. ஒன்ற வயசு. ஜொரத்துல பூடுச்சு. எங்க குப்பத்துல, தண்ணி கடல்ல சேர்ற முகத்துவாரத்தாண்ட மணல்ல பொதச்சோம். அடுத்த மழைக்கு முகத்துவாரம் தெக்க தள்ளி வந்து, அந்த மணல அடிச்சிகினு பூடுச்சு."

நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொயந்த செத்தா அவங்க கல்லுல எய்துறாங்களே, இன்னா எய்துவாங்கன்னு தெரிஞ்சிக்கலாம்னு பாத்தேன். அவ்ளோதான்."

படிக்கத் தெரிந்த ஆளைக் கண்டுபிடித்துக் கேட்டுச் சொல்கிறேன் என்று அன்று வாக்குக் கொடுத்தேன். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் சித்தப்பா மகனிடம் காகிதத்தைக் கொடுத்தேன். அந்த நாட்டுக் கப்பல் வரட்டும் என்றான். கப்பல் வந்தது, இவன் லீவில் இருந்தான். அடுத்த கப்பல் வந்தபோது காகிதம் எங்கே வைத்தேன் என்று தேடினான். ராயபுரத்தில் இருந்த அவன் வீட்டுக்கு எத்தனை முறை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தரமும் காபி கொடுத்து அனுப்பினான். நீ திங்கட்கிழமை தோறும் "இன்னா டீச்சரு, கேட்டியா?" என்பாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். நீ கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

உனக்கு மஞ்சள் காமாலை வந்தது ஐப்பசியில். பதினைந்து நாளில் எல்லாம் முடிந்தது.

கார்த்திகையில் என் சித்தப்பா மகன் காகிதத்தோடு வந்து நின்றான். கப்பல் அதிகாரி ஒருவர் ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்லிவிட்டாராம். இங்கே உறங்குகிறாள் இன்னாள், இன்னாரின் மகள், வயது இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள். அவ்வளவுதான். கடவுளிடம் வேண்டுதல் இல்லை, அழுகை இல்லை. ஒரு பெயர், பெற்றவன் பெயர், இருந்த நாட்களின் கணக்கு.

நீ கேட்டதும் பெயரைத்தானே? அந்தப் பெயர் கல்லில் பெரிய எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டியிருந்தால் அன்றே அதை உனக்குச் சொல்லியிருக்கலாம். நான் பறவை பார்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எண்ணூரில் உங்கள் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். உன் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து படகுப் பாயின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். கல்லில் இருந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம்தான், நான் உன்னிடம் ஒருநாளும் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, அவ பொண்ணுக்கு இன்னா பேரு?"

அவர் ஊசியை நிறுத்தினார். வீட்டுக்குள் திரும்பி அண்ணியையும் கேட்டார்.

"பாப்பா பாப்பான்னுதாம்மா கூப்ட்டோம். பேருன்னு ஒண்ணு வெச்சா. அது அவளுக்குத்தான் தெரியும்."

முன்பின் அறியாத ஒல்லாந்தர் பெண் ஒருத்தியின் பெயரும், அவள் அப்பன் பெயரும், அவள் உயிரோடிருந்த நாட்களும் எனக்கு மனப்பாடமாக இருக்கின்றன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உன் மகளின் பெயர் எனக்குத் தெரியாது.