கொடியில் என் துணி

18-11-74, திங்கள்
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. பாதி ஈரத்தையே கட்டிக்கொண்டு ஆபீஸ். தொடையெல்லாம் எரிச்சல். பஸ் டிரைவர் விடாமல் ஹாரன். தலைவலி.
அம்மா பாண்டி பஜாரில் புதுத் துணி வாங்கி வந்திருக்கிறாள். மொடமொடவென்று. கட்டினால் உடம்பு முழுக்க எறும்பு ஊறுகிற மாதிரி. பழைய வேட்டியைக் கிழித்த துணிதான் வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது?
"முப்பது வயசாச்சு, இன்னும் இந்தப் பிடிவாதம்."
பிடிவாதம் இல்லை. எரிகிறது.

20, புதன்
வெயில்! கொடி முழுக்க என் துணி. கீழ் போர்ஷன் மாமி மாடிப்படியில் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "உங்காத்துல கொழந்தையே கெடையாதே, தெனம் இவ்ளோ துணி யாருக்கு?"
"தரை தொடைக்க" என்றாள் அம்மா.
பொய். சாயங்காலம் எல்லாவற்றையும் எடுத்து வந்து அறைக்குள் கயிறு கட்டிப் போட்டுவிட்டாள். வீடே நாற்றம்.

22, வெள்ளி
அடையாறில் புது டாக்டர்.
"வர்றது தெரியுமில்ல? அடக்கிப் பாரும்மா."
தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. நனைந்த பிறகுதான் தெரியும். சொன்னேன்.
"கண்ணைப் பார்த்துப் பேசும்மா."
பார்த்தால் பேச்சு வராது. எது வேண்டும் இவருக்கு?
அம்மாவிடம் மெதுவாக, "புத்தி சரியாத்தானே இருக்கு?" டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்றேன்.
மருந்து இல்லை. தைரியம் சொல்லி அனுப்பினார். அதை எங்கே கட்டிக்கொள்வது?

24, ஞாயிறு
தோல் உரிந்துவிட்டது. உட்கார முடியவில்லை. போதும். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். பின்னாலேயே அம்மா. "ஏட்டி, கீழ வா! மானம் போவுது!"
மொட்டை மாடியில் கீழ் போர்ஷன் மாமி தலை ஆற்றிக்கொண்டிருந்தாள். "யாருதுடி இதெல்லாம்?"
"என்னுது. எனக்கு மூத்திரம் நிக்காது. பொறந்ததுலேர்ந்தே. வெயில்ல காயணும்."
அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமி கை காட்டினாள்: "அந்தக் கொடியில போட்டுக்கோ. இதுல மடிப்புடவை காயறது."
போட்டேன்.
மத்தியானம் தூங்கிவிட்டேன். திடீரென்று மழை. பதறி எழுந்து கதவைத் திறந்தால், வாசலில் என் துணி அத்தனையும். நனையாமல், அடுக்காக. மாமி கீழே இறங்கிப் போகிற சத்தம்.
எல்லாம் நாலாக மடித்திருக்கிறாள். மூன்றாக அல்லவா மடிக்க வேண்டும்! உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து மூன்றாக மடித்து வைத்தேன்.