பிரஷர் விழும் என்று உங்களைக் கட்டிலில் விட்டார்கள், ஐயா

கோபம் வந்தால் ஹோர்னில் இருந்து கை எடுக்காத, என்னைப் பெத்த என்ரை ஐயாவுக்கு,

நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உயிரோடு இருந்தால், "வீட்டுக் கதையை ஏன் பிள்ளை றோட்டிலை கதைக்கிறாய்?" என்று கேட்டிருப்பீர்கள். றோட்டில்தான் கதைக்க வேண்டும், ஐயா. உங்களைப் பற்றி முடிவெடுத்தவர்கள் எல்லோரும் அறைக்குள் மெதுவாகத்தான் கதைத்தார்கள்.

காங்கேசன்துறை வீதியில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர் நீங்கள். எழுபத்தெட்டாவது வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டீர்கள். அன்று உங்களைப் பார்த்த டொக்டர் சித்தப்பாவை வெளியே கூப்பிட்டார். "வயது போன ஆள். ஒப்பரேஷனுக்கு முதுகிலை ஊசி போட்டால் பிரஷர் விழும். மேசையிலேயே போகக்கூடும்" என்றார். கனடாவிலிருந்து அண்ணை, "ஐயாவை வெட்டிக் கொத்த வேண்டாம்" என்று தொலைபேசியில் அழுதார். சத்திரசிகிச்சை வேண்டாம் என்று சித்தப்பா கையெழுத்து வைத்தார். மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எலும்பு தானாகப் பொருந்தட்டும் என்று காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். முதுகில் புண் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. ஏழாவது கிழமை நீங்கள் போய்விட்டீர்கள். அதற்கு முதல் ஒரு பின்னேரம், நான் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போது, "ஏன் பிள்ளை ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை?" என்றீர்கள். நான் துணியை மடித்தபடியே இருந்தேன்.

நான் இப்போது மயக்க மருந்து டொக்டர். பெண்பிள்ளைக்கு வேறு துறை கிடைக்கவில்லையா என்று சொந்தக்காரர் கேட்டார்கள். கிடைத்தது. எனக்கு இதுதான் வேண்டும் என்று எடுத்தேன்.

பிரஷர் ஏன் விழுகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். முதுகில் அந்த ஊசியைப் போட்டால் இடுப்புக்குக் கீழே நோவு தெரியாது. அதோடு கால்களில் உள்ள இரத்தக் குழாய்களும் தளர்ந்து விரிந்துவிடும். இரத்தம் கீழே தங்கி, இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். இளம் உடம்பு எப்படியோ சமாளிக்கும். வயதான உடம்பில் இதயம் இறுகிப் போயிருக்கும், அதற்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. அன்று அந்த டொக்டர் சொன்னது பொய் இல்லை, ஐயா. விழும் என்று சொன்னவர், விழுந்தால் தூக்கலாம் என்பதைச் சொல்லவில்லை. அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம், கையில் தேவையான மருந்து இல்லாமலும் இருந்திருக்கலாம். அவரை மன்னித்துவிட்டேனா? இல்லை.

போன மாதம் வல்வெட்டித்துறையிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். பெயர் அன்னலட்சுமி, வயது எண்பத்தாறு. குளியலறையில் விழுந்து, உங்களைப் போலவே இடுப்பு முறிவு. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பின்னேரம் நான் வாட்டுக்குப் போனேன். அவருடைய மகன் என்னை வாசலிலேயே மறித்தார்.

"டொக்டர், அம்மாவுக்கு எண்பத்தாறு. நோகப்படுத்தாமல் விட்டிடுவமே?"

"வாங்கோ, அவவையே கேப்பம்" என்றேன்.

கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். "அம்மா, ஊசி போட்டால் உங்கடை பிரஷர் விழும். கட்டாயம் விழும். விழேக்கை நான் பக்கத்திலை நிப்பன். எண்டாலும் ஆபத்து இல்லை எண்டு சொல்லமாட்டன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெட்டாட்டி?"

"கன நாள் படுக்கையிலைதான்."

"படுத்தபடி மலசலம் போறது எனக்குச் சரிவராது, பிள்ளை. வெட்டச் சொல்லு." பிறகு மகனைப் பார்த்து, "நீ அழாதை. ஆருக்கு இடுப்பு முறிஞ்சது, எனக்கோ உனக்கோ?" என்றார்.

மூன்று நாளாக வாட்டில் எழுதியிருந்த அளவுகளைப் பார்த்தேன். அவருக்கு வழமையான பிரஷர் நூற்றைம்பது அளவில். மற்றவர்களுக்கு நூறு போதுமாக இருக்கலாம், இவருக்குப் போதாது. காலையில் பிரஷரைக் குறைக்கும் குளிசையை விழுங்கக் கொடுக்க வேண்டாம் என்று மகனிடமும் வாட்டுத் தாதி மிஸியிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை தியேட்டர் வாசலில் மகன் முகம் செத்துப்போய் நின்றார். "டொக்டர், குளிசை குடுத்திட்டன். பிரஷர் ஏறிக் கிடந்தால் திருப்பி அனுப்பிப்போடுவியள் எண்டு பயத்திலை."

எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் என்னைப் பார்த்தார். "தள்ளிப் போடுவமோ? மேசையிலை ஏதும் நடந்தால் கெட்ட பேர் உமக்குத்தான்."

தள்ளிப்போட்டால் இன்னும் இரண்டு நாள் கட்டிலில். நெஞ்சில் சளி எப்படிக் கட்டத் தொடங்கும் என்று எனக்குத் தெரியும், ஐயா. நான் அதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள். "பேர் எனக்கே இருக்கட்டும், சேர். செய்வம்" என்றேன்.

மணிக்கட்டு நாடிக்குள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தேன், ஒவ்வொரு துடிப்பின் பிரஷரும் திரையில் தெரிவதற்கு. முறிந்த காலை முதலில் மரத்துப்போக வைத்து, மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பினோம். முதுகில் போடும் மருந்தை வழமையான அளவைவிடக் குறைத்தேன். விழுந்த பிறகு ஓடித்திரியாமல், இரத்தக் குழாய்களை இறுக்கும் மருந்தையும் ஊசியோடு சேர்த்தே துளித்துளியாக ஓடவிட்டேன்.

அப்படியும் விழுந்தது. நூற்றிருபத்தெட்டு, நூற்றுப்பத்து, தொண்ணூற்று நாலு. எண்பத்திரண்டு.

"பிள்ளை, கண்ணுக்குள்ளை இருட்டுது. வயித்தைப் பிரட்டுது, சத்தி வருமாப் போலை கிடக்கு."

மருந்தைக் கூட்டினேன். பிரஷர் கொஞ்சம் ஏறியது, ஆனால் இதயத்துடிப்பு நாற்பத்தாறுக்கு இறங்கிவிட்டது. மிஸி சேலைன் போத்தலைக் கையில் எடுத்துவிட்டார். "இன்னொண்டு வேகமா ஓடவிடட்டோ, டொக்டர்?"

"வேண்டாம் மிஸி. இந்த இதயம் அவ்வளவு தண்ணியையும் தாங்காது, நெஞ்சுக்குள்ளை ஏறிடும். முறியாத காலை மட்டும் உயர்த்திப் பிடியுங்கோ."

நிபுணர் கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றார். "நிப்பாட்டுவமோ?"

"அஞ்சு நிமிசம் தாங்கோ, சேர். கத்தியைத் தொடாதேங்கோ."

இதயத்தைத் தட்டி எழுப்பும் மற்ற மருந்தைக் கொடுத்தேன். அம்மாவின் கன்னத்தோடு என் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. அறுபத்து மூன்று. பிரஷர் தொண்ணூறைத் தாண்டி, நூற்றுப்பத்துக்கு வந்து, கொஞ்சம் யோசித்து, நூற்று முப்பதில் நின்றது.

அவர் கண்ணைத் திறந்தார். "முடிஞ்சுதோ, பிள்ளை?"

"இன்னும் துவங்கேல்லை, அம்மா."

நிபுணர்தான் முதலில் சிரித்தார்.

சத்திரசிகிச்சை முடிந்த அடுத்த நாளே இரண்டு பேர் பிடித்து அவரை நிற்கவைத்தார்கள். நோவில் எல்லோரையும் ஏசினார். அந்த ஏச்சு எனக்கு நாதஸ்வரம் போலக் கேட்டது. மகன் என் கையைப் பிடித்து, தன்னால்தான் எல்லாம் வந்தது என்று அழுதார். "பயத்திலை குடுத்தனீங்கள். இனி ஏதும் குடுக்க முதல் கேளுங்கோ" என்றேன். முந்தநாள் கிளினிக்குக்கு அந்த அம்மா நடக்க உதவும் தள்ளுசட்டத்தைப் பிடித்தபடி தானே நடந்து வந்தார்.

எல்லோரும் இப்படி எழும்புவதில்லை. இந்த வருடம் ஒரு பெரியவர் சத்திரசிகிச்சை முடிந்து நாலாம் நாள் போய்விட்டார். உங்களுக்குச் செய்திருந்தாலும் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? தெரியாது. ஆனால் அந்தப் பெரியவரிடம் கேட்டோம். அவர் தன் வாயால், "ஓம், செய்யுங்கோ" என்றார்.

தியேட்டர் சுவரில் நான் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வயதானவர்களுக்கு ஊசி போடமுதல் என்னென்ன பார்க்க வேண்டும், எந்தக் குளிசையை நிறுத்த வேண்டும், பிரஷர் எவ்வளவுக்குக் கீழே போக விடக்கூடாது என்று. மூத்தவர் ஒருவர், "ஒவ்வொரு கிழவிக்கும் இவ்வளவு சடங்கோ?" என்றார். "ஓம் சேர், ஒவ்வொருத்தருக்கும்" என்றேன். அடுத்த கிழமை தாளைக் காணவில்லை. இன்னும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அதுவும் போய், மூன்றாவது தாள் இப்போது இருக்கிறது.

அண்ணையோடு உங்கள் கடைசி நாட்களைப் பற்றி இன்றுவரை கதைக்கவில்லை. இந்தக் கடிதத்தை அவருக்கும் அனுப்புவேன். கோபிக்கட்டும். கோபித்தாலாவது கதைப்போம்.

நாளைக்குத் தொண்ணூற்றொரு வயது ஐயா ஒருவர் பட்டியலில் இருக்கிறார். வயது போய்விட்டது என்பதை அவருடைய நோயின் பெயராக எழுத யாரையும் விடமாட்டேன். பிரஷர் விழும் என்று பயந்து வருகிறவர்களுக்கு, ஓம், விழும், அதற்குத்தான் நான் இருக்கிறேன் என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, ஐயா. என் கை நடுங்காத காலம் வரைக்கும்.

உங்கள் கடைசி மகள்