ஒரு சுற்று தாமதம்

2008, மார்ச் 4
ஆபீசில் மூன்று கூட்டம். மூன்றிலும் மேசைக்கடியில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன். கடல் தாண்டிக் குடிபோன தங்கை, எங்கள் சின்னவள், போனில் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. "கூட வாசிக்க ஆளே இல்லக்கா. வயலினைப் பக்கத்து ஸ்கூலுக்குக் கொடுத்துடப் போறேன்."

ஆறு மாதம் பொறு என்றேன். இணையத்தில் அவளும் நானும் சேர்ந்து வாசிக்க ஒரு தளம் செய்துவிட்டுத்தான் மறுவேலை. யாரிடம் சொல்கிறாள்!

மார்ச் 29
கூட வேலை செய்யும் குண்டூசி சேர்ந்துகொண்டான். ஆள்தான் அப்படி, டிரம்ஸ் அடித்தால் கட்டடம் ஆடும். அவன் என் வீட்டு முன்னறையில், நான் கீபோர்டோடு படுக்கையறையில். வாசித்தோம். தாமதமே இல்லை! துள்ளிக் குதிக்காத குறை.

மார்ச் 30
அசடு வழிகிறது. நேற்று கேட்டது தளத்தின் வழியாக வந்த சத்தம் அல்ல, சுவர் வழியாக வந்தது. இணைய வயரே செருகவில்லை என்று கண்டுபிடித்தவர் என் கணவர். இன்னும் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மே 11
சின்னவளோடு முதல் முயற்சி. சத்தம் போய்ச் சேர்வதற்குள் ஒரு விநாடி ஓடிவிடுகிறது. அவள் எனக்காகக் காத்திருக்க, நான் அவளுக்காகக் காத்திருக்க, பாட்டு நொண்டி நொண்டிப் படுத்துவிட்டது.
"விடுக்கா" என்றாள். விட மாட்டேன்.

ஜூலை 2
0.8 விநாடி. இதற்குமேல் குறைய மறுக்கிறது.

ஆகஸ்ட் 17
குண்டூசி இப்போதெல்லாம் அவன் வீட்டிலிருந்துதான் வாசிக்கிறான். சுவர் கற்றுக்கொடுத்த பாடம். சின்னவளின் தூரத்தை எங்களுக்குள் உண்டாக்கிப் பார்க்கலாம் என்று, வேண்டுமென்றே 0.8 விநாடித் தாமதம் வைக்கச் சொன்னேன். புள்ளியை விட்டுவிட்டு எட்டு விநாடி என்று அடித்துத் தொலைத்தான்.

திட்ட வாயெடுத்தேன் — அப்படியே நின்றேன். அவன் தாளம் என் வாசிப்பில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. எங்கள் பாட்டின் ஒரு சுற்று பதினாறு தட்டு, சரியாக எட்டு விநாடி. போன சுற்றில் அவன் அடித்தது இந்தச் சுற்றில் அதே இடத்தில் வந்து விழுகிறது!

தாமதத்தைக் குறைக்கவே வேண்டாம். ஒரு முழுச் சுற்று அளவுக்குக் கூட்டிவிட்டால் போதும். ஐந்து மாதமாக எதிர்த்திசையில் ஓடியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 24
சின்னவளிடம் விளக்கினேன். முழுதும் கேட்டாள். பிறகு, "அப்ப நான் வாசிச்சு முடிச்சதைத்தானே நீ கேக்குறே? இது சேந்து வாசிக்கிறதாக்கா? ஏமாத்து வேலை." போனை வைத்துவிட்டாள்.

ஏமாத்தா? யாருடி ஏமாத்துனா? உனக்காகத்தானே இத்தனையும் — சே. அழுகை வந்தது. அழுதேன்.

ஆகஸ்ட் 25
தளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குத் தளத்தில் என் வாசிப்பு அறை திறந்திருக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாசிப்பேன்.

ஆகஸ்ட் 31
யாரும் வரவில்லை. வாசித்தேன்.

செப்டம்பர் 7
குண்டூசி மட்டும். ஆறு மாதம் முடிந்துவிட்டது. வயலின் என்ன ஆயிற்று என்று சின்னவளைக் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அக்டோபர் 12
கிடாரோடு ஒரு பேக்கரிக்காரர், புல்லாங்குழலோடு ஒரு பஸ் டிரைவர். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத் திரையில் எழுதுகிறார்கள்: "லேட்டா கேக்குதே?" குண்டூசி சளைக்காமல் பதில் போடுகிறான்: "ஆமா, அதான் விஷயமே." தளத்தில் இருந்த இரண்டு அறை போதவில்லை. ஆறாக்கினேன்.

2009, பிப்ரவரி 8
ஐந்து மணி. பெயர் போடாமல் யாரோ உள்ளே வந்தார்கள். மூன்று சுற்று ஒன்றுமில்லை. நான்காவதில் வயலின்.

முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. கொடுக்கவில்லை அவள். கொடுக்கவே இல்லை! தாளத்தை விடவில்லை. ஏன் வந்தாய், ஏன் இத்தனை நாள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் வாசித்தோம்.

திடீரென்று திரையில் எழுத்து: "நிறுத்திட்டேன்க்கா. பாப்பா எழுந்துட்டா."

எழுத்து உடனே வந்துவிடுகிறது. வயலின் இங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போயிருப்பாள் என்று தெரிந்தும், மிச்சத்துக்கும் சேர்த்து வாசித்தேன்.