வகை கேட்டவள்

மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது நம் பழைய புரோகிராமின் தாள்கட்டு கிடைத்தது. இரண்டு ஓரமும் துளையிட்ட தாள், மை மங்கிவிட்டது. பக்கத்தோரம் நீ பென்சிலால் எழுதியது மட்டும் தெளிவாக இருக்கிறது: "கேக்காதீங்க அக்கா, கூப்பிடுங்க."

ஜுரு தொழிற்சாலையின் அளவுக் கருவிகளுக்கு நாம் இருவரும் புரோகிராம் எழுதினோம். தராசு, வெப்பமானி, அழுத்தமானி. ஒவ்வொன்றும் கணினிக்குள் ஒரு ஸ்ட்ரக்ட், அதன் விவரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய தொகுப்பு. என்னுடையவற்றில் முதல் கட்டத்தில் வகையைச் சொல்லும் எண் இருக்கும். ஓடும்போது அந்த எண்ணைக் கேட்டு, தராசானால் இப்படி, வெப்பமானியானால் அப்படி என்று பிரிப்பேன். நீ எண்ணே வைக்கவில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரக்டும் தனக்குத் தெரிந்த வேலைகளின் பட்டியலைத் தன்னிடமே வைத்திருக்கும். வெளியிலிருந்து 'அள' என்று கூப்பிட்டால் போதும். அதைத்தான் இன்டர்ஃபேஸ் என்பாய்.

"என்னன்னே தெரியாம எப்படிக் கூப்பிடுறது?"

"உங்க புரோகிராம் கேட்ல காவலுக்கு நிக்கிற ஜாகா மாதிரி லா அக்கா. யார் வந்தாலும் யாரு நீ, ஐசி கார்டைக் காட்டு, ஐசி காட்டு."

புதிதாக ஒரு கருவி வந்த அன்று, அதன் எண் தெரியாமல் என்னுடையது நின்றுபோனது. நீ அதற்கு ஒரு பட்டியல் மட்டும் எழுதினாய். மற்ற ஒரு வரியையும் தொடவில்லை, ஓடியது. இன்னொரு நாள் பட்டியலில் ஓரிடம் காலியாக இருந்து உன்னுடையது விழுந்தது. "பாத்தியா? என்னன்னு கேட்டிருந்தா விழுந்திருக்காது" என்றேன். "விழுந்தா எழுப்பிக்கலாம் லா." அன்று நான் சொன்னதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன்.

ஆறு வருடம் என் காரில்தான் வேலைக்குக் கடல் பாலத்தைக் கடந்தோம். டத்தோ கிராமாட்டில் உன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தால் ஈரத் தலையோடு ஓடி வருவாய், கையில் எனக்கும் சேர்த்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். நம் ஊரில் பார்க்கிற பெண்களெல்லாம் அக்காதான். நீ கூப்பிட்டதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

உன் தலையில் ரத்தக்குழாய் வெடித்த மறுநாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தாதி என்னைக் கேட்டாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரே இடத்துல வேலை செய்யிறோம்."

"சொந்தக்காரங்க மட்டும்தான் அக்கா."

உண்மையைத்தான் சொன்னேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். மாலையில் உன் அண்ணன் வெளியே வந்தார். "இங்கயா உக்காந்திருக்கீங்க? மத்தியானம் கண்ணு முழிச்சா. அக்கா வந்தாங்களான்னு ரெண்டு தரம் கேட்டா."

அவர் என்னை உள்ளே அழைத்துப் போனபோது உனக்கு நினைவில்லை. நினைவு திரும்பாமலே நீ போய்விட்டாய்.

இப்போதும் வகையைக் கேட்டுத்தான் புரோகிராம் எழுதுகிறேன். அந்தச் சுபாவம் போகாது. உன் அம்மாவைக் கண் சோதனைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். போன வாரம் அங்கே இருந்த பெண், படிவத்தை நிரப்பிக்கொண்டே என்ன உறவு என்று கேட்டாள்.

"மூத்த மகள்" என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவில்லை.