உன் கொல்லையில் ஓர் அரசாங்க விவசாயி

இன்று காலை கைபேசி என்னை மறுபடியும் விவசாயி என்று அழைத்தது. விவசாயிகளுக்கு அரசாங்கம் போடும் பணத்தில் ஒரு தவணை வந்துவிட்டதாம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிப் பிழைக்கிறவனை அப்படி அழைத்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: அரசாங்கமும் நீயும். நீ செத்துப்போன பிறகு வந்த முதல் தவணை இது. அந்தச் செய்தியைப் பார்த்தபின் நான் கண் எழுதிய பொம்மைக் குதிரைகளெல்லாம் மாறுகண்ணோடு பார்த்தன. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

ஊரடங்கு வந்த சித்திரையில் உன் கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுத்தது. வேப்பூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நின்றன; நீ காய் போட்டுக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கடைகளும் மூடின. அந்த நேரம் பார்த்து அரசாங்கம் விவசாயிகளின் துயர் துடைக்கப் பணம் போட்டது, என் கணக்கில். பட்டா என் பேரில் இருந்தது. நிலத்தில் பயிர் வைத்துக்கொண்டு நீ இருந்தாய். கணினி பட்டாவைப் பார்க்கும். கொல்லையை எட்டிப் பார்க்க அதற்குக் கழுத்து இல்லை.

பணத்தோடு சைக்கிளில் வந்தேன். பழுத்த காய்களை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த நீ கை நீட்டவில்லை.

"பட்டா உன்னுது, பணமும் உன்னுது. நான் யாருடா? தர்மம் பண்ண ஒனக்கு வேற ஆள் கெடைக்கலியா?"

வீட்டில் அரிசி இல்லாதது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். உன் மனைவிதான் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"அண்ணே, இங்க குடுங்க. மானத்த அவரு வச்சிக்கட்டும். நான் அரிசி வாங்கியாரேன்."

சில நாள் நீ என் பொம்மைப் பட்டறைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றாய்.

"பணத்த அவ வாங்கிட்டா, சரி. விவசாயிங்கற பேரு ஒங்கிட்டயே இருக்குதே, அதச் சும்மா வச்சிக்கலாமா? வா, வந்து களை எடு."

அன்றிலிருந்து தவணை வந்தபோதெல்லாம் ஒரு நாள் உன் கொல்லையில் களை எடுத்தேன். வேறெந்தச் சட்டத்துக்கும் நான் இவ்வளவு பணிந்ததில்லை.

ஒருநாள் பயிரைப் பார்க்க அதிகாரி ஒருவர் வந்து, "விவசாயி யாருங்க?" என்றார். சேற்றுக் கையால் நீ என்னைக் காட்டினாய்.

"இவருதான் சார். காலையிலேர்ந்து கத்தரியப் புடுங்கிப் போட்டுட்டு மணத்தக்காளியக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு."

முகக்கவசத்துக்குள் அவர் சிரித்தார். ஆனாலும் என்னை ஐயா என்றார். உன்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தாய். செம்பை நீட்டியபோது உன் முகத்தில் அந்தக் கேலி இல்லை.

இன்றும் பணத்தோடு போனேன். உன் மனைவி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "களைக்கொட்டு அதே எடத்துலதான் இருக்குது அண்ணே" என்றாள்.

குனிந்தேன். நீ இருந்தவரை கைக்குக் கிடைத்ததைத் தைரியமாகப் பிடுங்கினேன். தவறினால் வரப்பிலிருந்து உன் குரல் வந்துவிடும்: "அது செடிடா, விவசாயி!" இன்று ஒவ்வொன்றையும் விரலில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பொழுது சாய்ந்தது, ஒரு வரிசைகூட முடியவில்லை.

இப்போது பட்டறையில் தூரிகையை எடுத்தாலும், பொம்மையின் முகத்துக்கு முன்னால் கை அப்படியே நிற்கிறது, நீ முதலில் திட்டட்டும் என்று.