சந்தில் தூவிய சுண்ணாம்பு

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தபோது முதலில் கண்ணில் பட்டவை தண்ணீர் பாட்டில்கள்தான். பையன்களுடையவை காலி. பெண்களுடையவை காலையில் வீட்டில் பிடித்தபடியே தளும்பிக்கொண்டிருந்தன. என்னுடையதும்தான்.

மாமாவோடு வேலைக்கு வந்த முதல் நாள். நான் பாதியில் விட்ட பள்ளிக்கூடமே வந்து வாய்க்க வேண்டுமா? மைதானத்தைத் திருத்தி, பாதை போட்டு, மரம் வைக்கப் போகிறார்கள். திட்டம் வரைந்தவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுகிறார். மனதுக்குள் அவருக்குக் கண்ணாடியக்கா என்று பெயர் வைத்துவிட்டேன். அவர் காகிதத்தில் வரைந்ததை மாமா சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடாகப் போடுகிறார். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது நான்.

தூசி என்று சொல்லி மூக்குவரை துணி கட்டிக்கொண்டேன். "கன்னம் வச்சுத் திருட வந்தவ மாதிரியே இருக்க" என்றார் மாமா.

ஜூலை 4, வெள்ளி

யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. நல்லதுதானே? பிறகு ஏன் உள்ளே இப்படிக் குடைகிறது?

ஜூலை 7, திங்கள்

கண்ணாடியக்கா உடனே கல் பதிப்பதில்லை. பாதை வரவேண்டிய இடங்களில் சுண்ணாம்பை அகலப் பட்டையாகத் தூவிவிட்டு, பிள்ளைகளை இஷ்டம்போல நடக்க விடுகிறார். தடம் அதிகமுள்ள இடத்தில் அகலப் பாதை. தடமில்லாத இடத்தில் செடி. "வாய் பொய் சொல்லும், காலு சொல்லாது" என்றார். கேட்க நன்றாக இருந்தது.

பெண்கள் கழிப்பறைக்குப் போகும் பட்டையில் மட்டும் தடமே இல்லை. கழிப்பறை மைதானத்தின் கடைசி மூலையில் இருக்கிறது. எல்லா வகுப்பு ஜன்னல்களும் பார்க்க, வெட்டவெளியைக் கடந்து போகவேண்டும். அக்கா அந்தப் பட்டையின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். "இந்தப் பக்கம் யாரும் வர்றதில்ல போல. குறைச்சுடலாம்."

அடுத்து, கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கும் சந்து. அங்கே வேலி போட்டு சைக்கிள் நிறுத்தப் போகிறார்களாம். "சும்மா கிடக்கிற இடம்தானே" என்றார் தலைமையாசிரியர்.

சும்மாவா கிடக்கு? பொண்ணுங்க எல்லாரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு அந்த வழியாத்தானே கழிப்பறைக்குப் போறாங்க! அங்கே சுண்ணாம்பு தூவவில்லை, அதனால் தடமும் விழவில்லை. சொல்ல வாயெடுத்தேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தங்கை அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். மெதுவாகக் கேட்டேன்.

"சந்த அடச்சுட்டா என்னடி பண்ணுவ?"

"இப்ப ஒரு வாய் குடிக்கறேன். அப்புறம் அதுவும் கிடையாது."

"மைதானம் வழியா போயேன்."

"நீ போயேன் பாப்போம்! 'உச்சா எக்ஸ்பிரஸ் கிளம்பிருச்சு'ன்னு மொத்தப் பயலுவளும் கத்துவானுங்க."

நான் படித்தபோது வெறும் ரயில் ஊதல்தான். இப்போது வண்டிக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

என் ஒன்பதாம் வகுப்பில், புதுக் கட்டடத்துக்கு இறக்கிய செங்கல் அந்தச் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது. நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். நீர்க்கடுப்பு, காய்ச்சல், லீவுக்கு மேல் லீவு. கடைசியில் அம்மாவிடம் "படிப்பு ஏறல" என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள்.

இவளும் ஒருநாள் வந்து படிப்பு ஏறலன்னு சொல்லுவாளா?

ஜூலை 9, புதன்

பள்ளி விட்டபின், மாமா டீ குடிக்கப் போன நேரத்தில், மிச்சச் சுண்ணாம்பை வாளியில் அள்ளிப் போய்ச் சந்து நெடுகத் தூவிவிட்டேன். அவசரத்தில் எல்லாம் கோணல்மாணல்.

செஞ்சுட்டேன். ஐயோ.

ஜூலை 10, வியாழன்

இடைவேளை முடிந்தபோது சந்து முழுக்கத் தடங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. வராந்தாவரை வெள்ளை ஏறியிருந்தது.

மாமா குதித்தார். "எவ பார்த்த வேல இது? நீயா? வாயத் தொறந்து சொல்லேன், முத்தா உதிர்ந்துடும்?"

தலைமையாசிரியர் சிரித்தார். "கண்ணாமூச்சி ஆடியிருப்பாங்க. நாளன்னைக்கே வேலிய அடிச்சுடுங்க."

கண்ணாடியக்கா குனிந்து தடங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா இந்த வழியா போறாங்க?"

எத்தனை முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்! ஒன்றுகூட வரவில்லை. "நாளைக்கு இடைவேளைல எங்கூட வாங்கக்கா" என்பது மட்டும் வந்தது. அது என் குரல்தானா?

ஜூலை 11, வெள்ளி

மணி அடித்தது. முகத்துத் துணியை அவிழ்த்துவிட்டு மைதானத்தில் இறங்கினேன். அக்கா கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தார். பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டேன் — ஊதல். அப்புறம், "எக்ஸ்பிரஸ் கிளம்பிருச்சு டோய்!" ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு. ஓடிடு, ஓடிடுன்னு உள்ள ஒரே கத்தல். ஓடவில்லை. கழிப்பறைக் கதவைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

அக்கா நடுமைதானத்தில் நின்றுவிட்டிருந்தார்.

"தெனமுமா?"

தலையாட்டினேன்.

"நீயும் இங்கதான் படிச்சியா?"

அதற்கும் தலையாட்டினேன். அவர் விறுவிறுவென்று தலைமையாசிரியர் அறைக்குப் போனார். கதவு வெகுநேரம் திறக்கவில்லை. என்ன பேசினார்களோ. மாமாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ.

ஜூலை 14, திங்கள்

புது வரைபடம் வந்தது. சைக்கிள் நிறுத்தம் முன்வாசல் பக்கம் போய்விட்டது. சந்தில் கல்பாதை. மைதானத்துப் பாதையோரம், ஜன்னல்களை மறைத்து, ஆளுயரச் செடிவரிசை. செடி வளரும்வரை பயல்கள் ஊதத்தான் போகிறார்கள்.

"உன் கோணக் கோட்ட நேராக்கணுமாம், புடி டேப்ப" என்றார் மாமா. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

சந்தில் அளந்துகொண்டிருந்தபோது இடைவேளை மணி அடித்தது. பெண்கள் எங்களைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். தங்கை மட்டும் நின்று, "தள்ளிக்க, ஊமை ராணி" என்று இடித்துவிட்டுப் போனாள்.

மதில் நிழலில் வைத்திருந்த என் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகி, கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.